கிராதியில் குழி போட்டவர்

அன்று கோயிலுக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டர் ஐயா. கழுத்தில் மஃப்ளர், கையில் டார்ச் லைட்.

தேவராஜ் சார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியின் செயலாளர். கோட்டு போட்டிருந்தார்.

அவர் மகள் நிஷா. குர்காவ்னில் கம்ப்யூட்டர் வேலை. கையில் போன்.

ஞானமணி டீச்சர். ஜனக்புரிப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எழுபத்தொன்பது வயது. மடியில் பழைய பிஸ்கட் டப்பா.

யோவான். கோயிலைக் கூட்டி மணி அடிக்கிறவர்.

நான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தார்பாய் விரித்துப் பழைய இரும்பு சாமான் விற்கிறவள்.

மேசை மேல் வெள்ளைத் துணி. துணி மேல் இரண்டு பிரேஸ்.

பிரேஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கையால் சுற்றி மரத்தில் துளை போடும் இரும்பு. மேலே மரக் குமிழ். அதை உள்ளங்கையால் அழுத்த வேண்டும், போதாவிட்டால் நெஞ்சால். நடுவில் வளைந்த கம்பியும் பிடியும். அதைச் சுற்ற வேண்டும். கீழே வாய், அதில் மரத்தைக் குடையும் பிட்டைச் செருக வேண்டும். கரண்ட் வேண்டாம். டில்லிக்காரர்கள் பர்மா என்பார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்கு நிற்கிறவர்கள் மாதிரி.

வழக்கு

பிப்ரவரி மாதம். வெயில் வெளியே நின்றுவிட்டது. உள்ளே குளிர். பினாயிலும் மெழுகும் கலந்த வாசனை. செருப்பை வாசலில் விட்டிருந்தேன், தரை பாதத்தைக் கடித்தது.

நான் அந்த மதம் இல்லை. கோயிலுக்குள் போனதும் அன்றுதான் முதல் தடவை.

நிஷாதான் கூப்பிட்டாள். அவளுக்கு மரவேலையில் ஆசை. சனிக்கிழமைகளில் எங்கோ போய் ஸ்டூல் செய்கிறாள். இரண்டு தடவை என்னிடம் உளி வாங்கியிருக்கிறாள். பிரேஸைக் கையில் கொடுத்தால் வயசு சொல்கிற பொம்பளை என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் குடிசை இருந்த கேம்ப்பை இடித்த பிறகு நான் நரேலாவில் இருக்கிறேன். அங்கிருந்து மூன்று பஸ். வந்துவிட்டேன்.

பாஸ்டர் ஐயா விஷயத்தைச் சொன்னார். பீடத்துக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் மரத் தடுப்பு இருக்கிறது. கிராதி என்கிறார்கள். திருவிருந்து அன்று ஜனங்கள் அதன் முன் முட்டி போடுவார்கள். சின்னக் கிளாஸில் திராட்சை ரசம் கொடுப்பார்கள். குடித்துவிட்டுக் கிளாஸை வைக்க, கிராதியின் மேல் பலகையில் வரிசையாக வட்டக் குழிகள்.

கோயிலுக்கு மராமத்து நடக்கிறது. எல்லாம் புதுசு. கிராதி மட்டும் பழசே இருக்கட்டும் என்று முடிவு. அதைச் செய்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி வைக்கப் போகிறார்கள்.

செய்தவர் யார்? அதுதான் தெரியவில்லை. பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பாஸ்டர் ஐயா வாசித்துக் காட்டினார். சபையின் சகோதரர் ஒருவர் இலவசமாகக் கிராதி செய்து பொருத்தினார். பொதுக் கிண்ணம் வேண்டாம், தனித்தனிக் கிளாஸ் போதும் என்று பிற்பாடு தீர்மானம் ஆனபோது குழிகளும் அவரே போட்டார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

“பேர் வேண்டாம்னு சொன்ன மனுஷனுக்குப் பேர் தேடிக்கிட்டு இருக்கோம்,” என்றார் பாஸ்டர் ஐயா.

“அது எங்கப்பா,” என்றார் தேவராஜ் சார். “சின்னப் பிள்ளையில என்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்காங்க. ‘ஏல, இந்தப் பிரேஸ வச்சுதான் கோயில்ல ஓட்டை போட்டேன்’னு.”

“ஒங்கப்பா நல்ல மனுசன், நான் இல்லங்கல,” என்றார் டீச்சர். “ஆனா ஆணி அடிக்கச் சொன்னா வெரல்ல அடிச்சுக்கிடுவாவ. ஊருக்கே தெரியும்.”

“டீச்சர், நீங்க கணக்கு டீச்சர். மரவேலை டீச்சர் இல்ல.”

“கணக்குதான் சொல்லுதேன். ஒங்கப்பா செக்ரடேரியட்ல கிளார்க்கு. எங்கப்பா ரயில்வேல தச்சு வேல. கிராதி செஞ்சது ஆருன்னு கூட்டிப் பாருங்க.”

தேவராஜ் சாருடைய அப்பா பெயர் சாலமோன். டீச்சருடைய அப்பா ஆசீர்வாதம். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம்.

சாலமோன் பெயர் ஏற்கெனவே இரண்டு கல்வெட்டில் இருக்கிறது. முதல் பொருளாளர் அவர். ஆசீர்வாதம் பெயர் எதிலும் இல்லை.

டீச்சருக்கு மார்ச்சில் விமானம். மகன் கனடாவுக்குக் கூட்டிப் போகிறான். வீட்டை விற்றாகிவிட்டது. திரும்பி வரப்போவதில்லை.

“ஒரு வரி போதும்மா,” என்று என்னிடம் சொன்னார். “இந்த ஊர்ல அவிய அம்பது வருசம் இருந்தாவ. ஒரு இடத்துல பேர் இருந்தா நிம்மதியா ஏறிப்போவேன்.”

தகடு வெட்டுகிறவன் மறுநாள் வருகிறான். அன்றே முடிவு சொல்ல வேண்டும்.

வரிசை போட்டுப் பார்த்தது

எனக்கு இது எப்படித் தெரியும் என்று இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகர் போன வாரம்கூடக் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

நான் ஏழாவது வரை. இங்கிலீஷ் கூட்டிப் படிக்க வராது. எண் வரும்.

என் வீட்டுக்காரர் கட்டட இடிசல் ஏற்றுகிற லாரியில் போவார். ஒரு நாள் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மூடிப்போன பட்டறையில் கிடைத்ததாம். உள்ளே பதினொரு பிரேஸ். மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். மூன்று நாள் வீடு நாறியது. பிள்ளைகள் சாப்பாட்டிலும் மண்ணெண்ணெய் என்றார்கள்.

துடைத்து வரிசையாக வைத்தேன். பதினொன்றும் பிரேஸ்தான். ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. எதெல்லாம் ஒரே சாடையோ அதையெல்லாம் பக்கத்தில் வைத்தேன். வருஷங்கள் போயின. சாடை தெரிய ஆரம்பித்தது.

உடம்பு முழுக்க மரம், மேலே பித்தளைத் தகடு பதித்தது. அது ரொம்பப் பழசு. என் கைக்கு வந்தது இரண்டே இரண்டு. அடுத்தது இரும்பு உடம்பு. பிட்டை ஒரு சின்னப் பொத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்கடுத்தது திருகினால் இறுகும் வாய். அதிலும் முதலில் வந்ததற்கு ராட்செட் கிடையாது. பிடியின் மரத்தில் ஈயம் மாதிரி இரண்டு வளையம் பதித்திருப்பார்கள்.

ராட்செட் என்பது பல் சக்கரம். ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் கடகடவென்று சும்மா ஓடும். முழு வட்டம் சுற்ற இடம் இல்லாத மூலையில் அரை அரையாகச் சுற்றலாம். முதலில் அந்தப் பல் வெளியே தெரிந்தது. பிற்பாடு மூடி போட்டார்கள். குமிழுக்குள் இரும்புக் குண்டு வைத்தார்கள். பூச்சும் மாறியது. நிக்கலில் மஞ்சள் சாயல் இருக்கும். குரோமியத்தில் நீலச் சாயல். கடைசியில் பிளாஸ்டிக் குமிழ்.

எது முந்தி, எது பிந்தி? அதை ரிப்பேர் சொல்லிக்கொடுத்தது. பழைய உடம்புக்குப் புதுக் குமிழ் மாட்டியது நிறைய வரும். புது உடம்புக்குப் பழைய குமிழ் மாட்டியது வராது. உடைந்தால் அன்றைக்குக் கடையில் இருப்பதைத்தானே மாட்டுவார்கள்.

ஒரு தப்பும் செய்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் ஒரு பிரேஸின் வாயைத் துடைத்துப் பார்த்து, அதில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வருஷம் வெட்டியிருக்கிறது என்று காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்கக் கத்தி விற்றேன். நூற்றைம்பது வருஷம், நூற்றைம்பது வருஷம் என்று.

சாயங்காலம் கட்டும்போது பார்த்தேன். அதே வருஷம் என் தார்பாயிலேயே மூன்று பிரேஸில் இருந்தது. ஒன்றில் ராட்செட்டே இல்லை. ஒன்றில் பல் வெளியே. ஒன்றில் மூடி. மூன்றும் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகளாக முடியாது.

விசாரித்ததில் தெரிந்தது. அது அந்த வாயை முதலில் கண்டுபிடித்தவன் உரிமைக்குப் பதிவு செய்த வருஷம். அதற்குப் பிறகு எத்தனையோ காலம் அதையே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் போடுகிற மாதிரி. தாத்தா பெயரைப் பார்த்துப் பெண்ணுக்கு வயசு சொல்ல முடியுமா?

கோட்டுக்காரர் பிரேஸ்

முதலில் தேவராஜ் சார் பிரேஸை எடுத்தேன். கான்வாஸ் சுருளில், பிட்டுகளோடு இருந்தது. அழகான சாமான். யுத்தம் முடிந்து சர்க்கார் ஏலம் விட்டபோது சாலமோன் எடுத்தாராம்.

“ஆன்ட்டி, இதோ தேக்கோ,” என்றாள் நிஷா. வாயில் வெட்டிய எண்ணை போனில் பெரிசாக்கிக் காட்டினாள். “எய்ட்டீன் சிக்ஸ்டி சம்திங். நெட்லயும் பார்த்தேன். பக்கா.”

“நூத்தம்பது வருசத்துக்கு மேல,” என்றார் தேவராஜ் சார். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

நான் குமிழைச் சுற்றினேன். உள்ளே குண்டு ஓடியது. ராட்செட்டைப் பார்த்தேன். மூடி போட்டது. பூச்சு நிக்கல், மஞ்சள் சாயல். குமிழில் மூன்று திருகு, எல்லாம் அசல்.

“இவ்ளோ வயசு இல்ல சார். தொண்ணூறு இருக்கும். கூடப்போனா நூறு.”

“அப்ப இந்த வருஷம்?”

“அது தாத்தா பேரு.”

கல்யாணப் பத்திரிகை கதையைச் சொன்னேன். நிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை.

“நீங்க படிச்சுட்டா சொல்லுறீங்க?” என்றார்.

“இல்ல சார். படிக்கத் தெரியாததால சொல்றேன்.”

பாஸ்டர் ஐயா இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

“சரி, தொண்ணூறே இருக்கட்டும்,” என்றார் தேவராஜ் சார். “கோயில் கட்டி எழுபது வருசம்தான் ஆகுது. கோயிலுக்கு மூத்ததுதானே?”

“மூத்ததுதான்.”

டப்பாக்காரம்மா பிரேஸ்

டீச்சருடையது அழகில்லை. கறுப்புப் பெயின்ட். வார்ப்பின் தையல் கோடு அப்படியே துருத்தியிருந்தது. கம்பெனி பெயர் இல்லை. குமிழ் சீஷம் மரத்தில், கையால் கடைந்தது. ராட்செட் இல்லை.

தேவராஜ் சார் அதை எட்டிப் பார்த்தார். “இது நேத்து சதர் பஜார்ல வாங்கின மாதிரியில்ல இருக்கு.”

“எங்கப்பா வேல செஞ்சாவ. அலமாரியில வச்சுக் கும்பிடல,” என்றார் டீச்சர்.

நம் நாட்டுச் சாமான் அது. நம் சாமானில் பெயர் இல்லாவிட்டால் எண்ணைத் தேட வேண்டும். கம்பியில், பெயின்ட்டுக்கு அடியில், பத்து என்று குத்தியிருந்தது. சுற்றும் வட்டத்தின் அகலம். பத்து அங்குலம்.

“இது அங்குலக் காலத்துது,” என்றேன். “மில்லிமீட்டர் வந்த பெறகு இருநூத்தம்பதுன்னு குத்துவாங்க. இதுக்கு எழுபது வயசு. அஞ்சு முன்னப்பின்ன.”

டீச்சர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப கோயில் வயசு.”

“ரெண்டுமே அப்ப இருந்திருக்குது. வயசை வச்சு யாருன்னு சொல்ல முடியாது.”

பாஸ்டர் ஐயாவுக்கு ஏமாற்றம். யோவான் டீ கொண்டுவந்து வைத்தார். இஞ்சி தூக்கலாக இருந்தது. தட்டில் ஐ.என்.ஏ. மார்க்கெட் முறுக்கு. கொஞ்ச நேரம் முறுக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

“கிராதியைப் பாக்கலாமா?” என்று கேட்டேன்.

தூண்

கிராதி நடுவில் வழி விட்டு இரண்டு துண்டாக இருந்தது. தேக்கு. இரண்டின் வெளி முனையும் தூணில் போய் முட்டுகின்றன. கடைசிக் குழிக்கும் தூணுக்கும் இடையில் நாலு விரல்தான்.

அந்தக் கடைசிக் குழிகள் லேசாக உள்பக்கம் சாய்ந்திருந்தன. தூணில் விரல் முட்டி இடிக்காமல் இருக்கப் பிரேஸைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். புத்தகம் சொன்னது நிஜம்தான். பொருத்திய பிறகுதான் குழி போட்டிருக்கிறது.

இதைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நிஷா சட்டென்று பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை வகுப்புக்குப் பலன் இருக்கிறது.

“அப்பா! தூண் பக்கத்துல ஃபுல் ரவுண்டு சுத்த முடியாது. ராட்செட் வேணும். டீச்சர் ஆன்ட்டியோடதுல ராட்செட் நஹி ஹை. நம்மளோடதுல இருக்கு!”

தேவராஜ் சார் டீச்சரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. “ஞானமணியக்கா, நான் அப்பவே சொன்னேன்லா.”

டீச்சர் டப்பாவின் மூடியை அழுத்தினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“சரிதானாம்மா?” என்று பாஸ்டர் ஐயா என்னிடம் கேட்டார்.

“சரிதாங்க,” என்றேன். “சுத்த முடியாது.”

பொய் சொல்ல முடியாது. சுற்ற முடியாதுதான்.

டீச்சர் எழுந்தார். “அப்ப நான் கிளம்புதேன். ஆட்டோ நிக்கி.”

“டப்பால என்னாங்க இருக்குது?” என்றேன்.

“பிட்டுதான். துருப்பிடிச்சுக் கிடக்கு.”

“குடுங்க.”

கடிபட்ட பிட்

பன்னிரண்டு பிட். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். பிட்டின் மேல் முனை சதுரமாக இருக்கும். பிரேஸின் வாய் அந்தச் சதுரத்தை மூலையில் கவ்வும். பதினொன்றுக்கு மூலை கூராக இருந்தது. ஒன்றுக்கு மட்டும் நாலு மூலையும் நாய் கடித்த எலும்பு மாதிரி மழுங்கிப் போயிருந்தது.

அது ஒண்ணேகால் அங்குலப் பிட். கிராதிக் குழிக்குள் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

ராட்செட் இல்லாதவன் மூலையில் எப்படித் துளை போடுவான்? அரை வட்டம் சுற்றுவான். வாயைத் தளர்த்துவான். பிட்டை மரத்திலேயே விட்டுப் பிரேஸை மட்டும் திருப்பிக் கொண்டுவருவான். திரும்ப இறுக்குவான். அரை வட்டம். தளர்த்து. திருப்பு. இறுக்கு. ஒவ்வொரு தடவையும் வாய் புதிதாகக் கடிக்கும். அரை அங்குலம் இறங்குவதற்குள் உள்ளங்கை தோல் போய்விடும். எனக்குத் தெரிந்து புத்தி உள்ளவன் யாரும் இதைச் செய்ய மாட்டான். பக்கத்தில் வேறு பிரேஸ் இல்லாதவன் செய்வான்.

செய்து காட்டினேன். தூண் பக்கத்தில், குழிக்கு மேலே காற்றில்.

“கையில துணி சுத்தியிருந்தாவ,” என்றார் டீச்சர் மெதுவாக. “அம்மா சோறு ஊட்டிவிட்டாவ. நான் சிரிச்சேன். எனக்கு அப்ப பத்து, பதினோரு வயசு இருக்கும்.”

தேவராஜ் சார் பிட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பாங்கில் கையெழுத்துப் பார்ப்பது மாதிரி.

“இது ரயில்வேல வேற வேலையில மழுங்கியிருக்கலாம்.”

நியாயமான கேள்வி. நானே கேட்டிருப்பேன்.

அவர் பிரேஸையும் எடுத்தேன். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே நிக்கல் அப்படியே இருந்தது. வேலை செய்த வாயில் முதலில் போவது அந்தப் பூச்சுதான். ராட்செட்டின் பல்லில் ஒரு தேய்மானம் இல்லை. தொண்ணூறு வயசுச் சாமான், வேலை ஒரு நாள் செய்திருந்தால் அதிகம்.

“சார், இது கல்யாணம் ஆகாத பிரேஸ்,” என்றேன்.

யோவான் டீக் கிளாஸோடு வெளியே ஓடிவிட்டார். வெளியே போய்ச் சிரித்தார். கேட்டது.

விரல் பார்த்தது

சந்தேகம் இருந்தால் மரத்தைக் கேட்க வேண்டியதுதான்.

டீச்சரின் பிட் பழைய மாதிரி. நடுவில் ஒரு முள். ஒரு ஓரத்தில் வட்டம் கிழிக்கும் பல். மறு ஓரத்தில் மரத்தைச் சீவும் ஒரே அலகு. அந்த அலகில் ஒரு பொக்கை இருந்தது, கடுகளவு. பொக்கை இருக்கும் இடத்தில் மரம் சீவப்படாது. குழியின் அடியில் நூல் மாதிரி ஒரு வட்டம் புடைத்து நிற்க வேண்டும்.

யோவான் ஒரு பழைய பெஞ்சுக் கால் கொண்டுவந்தார். கறுப்புப் பிரேஸில் பிட்டை மாட்டினேன். பெஞ்சுக் காலை முட்டியால் பிடித்துக்கொண்டு, குமிழை நெஞ்சில் வைத்துச் சாய்ந்து சுற்றினேன். கர்க் கர்க் என்றது. சீவல் சுருண்டு விழுந்தது. பழைய தேக்கு வாசனை, மிளகு மாதிரி.

ஊதிவிட்டு விரலை விட்டேன். நூல் இருந்தது.

“விரலைக் குடுங்க சார்.”

தேவராஜ் சார் ஆள்காட்டி விரலை விட்டார். பிறகு கிராதியின் முதல் குழியில் விட்டார். வார்னிஷ் எத்தனையோ பூச்சு ஏறியிருந்தது. ஆனாலும் விரலுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண் சுருங்கியது.

“இருக்கு,” என்றார்.

அடுத்த குழி. “இருக்கு.”

அப்புறம் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நிஷா ஒரு பக்கம். பாஸ்டர் ஐயா ஒரு பக்கம். டீச்சரும் கிராதியைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. குழி குழியாக விரல் விட்டு நகர்ந்தார்கள்.

“திருவிருந்துக்குக்கூட இவ்வளவு நேரம் யாரும் முட்டி போட்டதில்லை,” என்றார் பாஸ்டர் ஐயா.

“ஐயா, செக் பண்ணுங்க, பேசாதீங்க,” என்றாள் நிஷா.

தேவராஜ் சார் இடது துண்டின் நடுவில் நின்றுவிட்டார். எழவும் இல்லை, நகரவும் இல்லை. நான் பக்கத்தில் போனேன்.

“எங்கப்பா பொய் சொல்ற ஆளில்லம்மா,” என்றார். என்னிடம் மட்டும் சொன்னார். “பேரு போனாப் போவுது. ஆனா பிள்ளைகிட்ட பொய் சொல்லியிருக்காங்கன்னா…”

எழுபது வயசு மனுஷர். கோட்டு, முட்டியெல்லாம் தூசி. நான் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை.

“இன்னும் பாக்கி இருக்குது சார். நவுருங்க,” என்றேன்.

நகர்ந்தார். இரண்டு குழி தள்ளி அவர் விரல் திடீரென்று நின்றது.

“இங்க நூல் இல்ல.”

நான் விட்டுப் பார்த்தேன். நூல் இல்லை. அடி வழவழப்பு. நடுவில் முள் குத்திய இடம் மட்டும் ஆழமாக இறங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழி நேராக இல்லை, குடித்தவன் நிற்கிற மாதிரி சாய்ந்திருந்தது. பலகைக்கு அடியில் கையை விட்டேன். ஊசித் துளை. முள் மறுபக்கம் வந்திருந்தது.

“இதுதானா!” என்றார் யோவான். “இதுல வச்சா கிளாஸ் சாயும். அடியில சொட்டும். நான் மாசாமாசம் தொடைக்கேன், ஏன்னு தெரியாம.”

கான்வாஸ் சுருளை அவிழ்த்தேன். அதிலும் ஒண்ணேகால் அங்குலப் பிட் ஒன்று இருந்தது. வேறு ஜாதி. முறுக்குக் கம்பி மாதிரி உடம்பு, இரண்டு அலகு, நடுவில் நீளமான திருகு முள். அந்த முள் தானாகவே பிட்டை மரத்துக்குள் இழுக்கும். பழக்கம் இல்லாதவன் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் மறுபக்கம் வந்துவிடுவான்.

குழிக்குள் வைத்தேன். சாய்ந்து, சரியாக உட்கார்ந்தது.

நடந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆசீர்வாதம் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். சாலமோன் தன் ஏலத்துப் பிரேஸைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்திருக்கிறார். ஒன்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்த ஆசீர்வாதம் என்ன சொன்னாரோ, அந்தப் பிரேஸ் அதோடு சுருளுக்குள் போய்விட்டது.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். முட்டி போட்ட இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். “எங்கப்பா சொல்லியிருப்பாவ. ‘அண்ணாச்சி, நீங்க கணக்கைப் பாருங்க, இத நான் பாத்துக்கிடுதேன்’னு.”

தேவராஜ் சாரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பொய் சொல்லல, பாத்தியா,” என்று மகளிடம் சொன்னார். “ஓட்டை போட்டிருக்காங்க.”

“போட்டிருக்காரு, டாட். அதான் சொட்டுதே.”

பாஸ்டர் ஐயா மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். கிராதி செய்தவர் ஆசீர்வாதம் என்று எழுதினார். டீச்சர் எழுத்தைச் சரிபார்த்தார். பாஸ்டர் ஐயா பேனாவை மூடப் போனார். தேவராஜ் சார் பக்கத்தில் குனிந்து நின்று, ஒரு வரி கூடப் போடலாமா என்று கேட்டார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“போடுங்க. ஆனா கணக்கு சரியா இருக்கணும். மொத்தம்னு போட்டு மழுப்பக் கூடாது.”

அத்தனை வருஷமாக அந்தக் குழிகளை யாரும் எண்ணியதில்லையாம். யோவானுக்கும் தெரியவில்லை. எனக்கு எண் வரும். வலது துண்டின் தூணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிலும் விரல் விட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே இடது தூண் வரை வந்தேன். பாஸ்டர் ஐயா எழுதிக்கொண்டார்.

ஆசீர்வாதம், நாற்பத்தேழு.

சாலமோன், ஒன்று.